அந்த சுவாமிநாதன் நான் இல்லை

வாசகர் கடிதம்:

திருவாரூர் மாவட்டம், வலங்கைமான் வட்டம், ஆலங்குடியில் விதை, உரக்கடை வைத்திருக்கிறேன். வயது 57. இருபது நாளைக்கு முன்பு மயிலாடுதுறையிலிருந்து ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அங்கே ஒரு மூதாட்டி இந்த ஆடியில் காலமாகிவிட்டாராம். பிள்ளை இல்லாத விதவை. 2006இல் அவர் எழுதிப் பதிவு செய்த உயிலில் ‘ஆலங்குடி வைத்தியநாதன் குமாரர் சுவாமிநாதன்’ என்பவரை எக்ஸிகியூட்டராக, அதாவது உயிலை நிறைவேற்றும் நிர்வாகியாகப் போட்டிருக்கிறாராம். என் பெயர் சுவாமிநாதன்தான், அப்பா பெயர் வைத்தியநாதன்தான். ஆனால் அந்த அம்மாளை நான் பார்த்ததுமில்லை, கேள்விப்பட்டதுமில்லை.

நோட்டீஸோடு உயிலின் நகலும், நான் விலகிக்கொள்வதாக முத்திரைத்தாளில் அடித்த ஒரு பத்திரமும் இருந்தன. 15 நாளில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். நாலு நாள் கழித்து, அந்த அம்மாளின் பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒருவர் வந்து, இனி இது உங்கள் பொறுப்பு என்று வீட்டுச் சாவியை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கையெழுத்துப் போட்டுத் தொலைத்துவிட்டு வேலையைப் பாருங்கள் என்கிறார் மைத்துனர். இது மோசடி, பதிலே போடாதீர்கள் என்கிறாள் பெங்களூரில் இருக்கும் மகள். ஒரு வீடு இருட்டிக் கிடக்கிறதே, போய் ஒரு விளக்காவது ஏற்றிவிட்டு வரலாம் என்கிறாள் மனைவி. இதற்கிடையில் அந்த நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிறவர் தினமும் போன் செய்கிறார். குறுவை அறுப்புக்கு நிற்கிறதாம். கொள்முதல் நிலையத்தில் காட்ட, நிலத்தின் பொறுப்பாளர் என்று நான் கடிதம் தர வேண்டுமாம். கூட்டுறவுச் சங்கத்தில் அந்த அம்மாளுக்கு நகைக்கடன் வேறு இருக்கிறதாம்; அது என் தலையில் விடியுமா? நிர்வாகிக்கென்று உயிலில் 25,000 ரூபாய் எழுதியிருக்கிறது. அதை என்ன செய்வது? உயிலின் நகலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதைப் படம் எடுத்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருக்கிறேன்.

பதில்:

அந்த முத்திரைத்தாளை முதலில் எடுத்துப் பீரோவில் வையுங்கள். கையெழுத்து வேண்டாம். ஆத்திரத்தில் கிழித்துப் போடவும் வேண்டாம்; வெறும் தாளாகவே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். மூன்றிலும் ஆபத்தானது மைத்துனர் சொன்னது. கேட்க எளிதாக இருப்பதே அதன் ஆபத்து.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பெயர்களையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். ஆலங்குடியை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் இந்த முடிச்சே அவிழாது.

மகள் சந்தேகப்பட்டதில் தவறில்லை. வெளிநாட்டில் யாரோ கோடீஸ்வரர் இறந்துவிட்டார், சொத்து உங்களுக்குத்தான், செலவுக்கு மட்டும் கொஞ்சம் அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் வராத ஆள் இன்று உண்டா? அந்த வகை மோசடி எங்கேயாவது ஓரிடத்தில் பணமோ, வங்கிக் கணக்கு விவரமோ, ஓ.டி.பி.யோ கேட்டே தீரும். உங்களிடம் கேட்டது கையெழுத்து ஒன்றைத்தான். நோட்டீஸில் வக்கீலின் பதிவு எண் இருக்கிறது. உயில் நகலில் ஆவண எண்ணும் சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயரும் இருக்கின்றன. சரிபார்க்க விரும்பினால் அந்த அலுவலகத்துக்கே போகலாம். பதிவான உயில்களை மூன்றாம் புத்தகம் என்ற தனிப் பதிவேட்டில் வைத்திருப்பார்கள். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும் தவிர எவருக்கும் நகல் கிடையாது. அவர் இறந்த பிறகு கேட்கிற யாருக்கும் உண்டு. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 57ஆம் பிரிவு அது. இறப்புச் சான்றிதழின் நகலோடு மனுப் போட வேண்டும். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்துவிட்டு ‘சார், உயிலே இல்லை’ என்று என் அலுவலகத்தில் வந்து நின்றவர்கள் பலர். வில்லங்கத்தில் உயில் வராது.

ஆக, உயில் உண்மை என்றே வைத்துக்கொள்கிறேன். அதில் இருக்கும் சுவாமிநாதன் நீங்கள்தானா?

நீங்கள் அனுப்பிய நகலை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் பக்கம், மேலிருந்து ஏழாவது வரி: ‘ஆலங்குடி, தாலுக்கா ஆபீஸ் பின்புறத் தெருவிலிருக்கும் வைத்தியநாதன் குமாரர் சுமார் 48 வயதுள்ள சுவாமிநாதன்’. பத்திர எழுத்தர்கள் போடும் ‘சுமார்’ இரண்டு மூன்று வயது முன்பின் போகும். பத்து வயது போகாது. 2006இல் உங்களுக்கு வயது 38. அதைவிடப் பெரிய விஷயம், உங்கள் ஆலங்குடியில் தாலுக்கா ஆபீஸ் ஏது? பட்டா வேலை என்றால் வலங்கைமானுக்குத்தானே பஸ் ஏறுகிறீர்கள்? குருப்பெயர்ச்சிக்கு ஊர் கொள்ளாமல் கூட்டம் வரும் ஆலங்குடி உங்களுடையது. தாலுக்கா ஆபீஸ் இருக்கும் ஆலங்குடி புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. மயிலாடுதுறைக்காரருக்கு ஆலங்குடி என்றதும் குரு ஸ்தலம்தான் நினைவுக்கு வந்திருக்கும். வக்கீல் குமாஸ்தா உங்கள் ஊர் வாக்காளர் பட்டியலைப் புரட்டியிருப்பார். பெயரும் தந்தை பெயரும் பொருந்தியதும் பேனாவை மூடிவிட்டார்.

காவிரிக் கரையில் இப்படி நடப்பது எனக்கு வியப்பாக இல்லை. சுவாமிமலையைச் சுற்றி வீட்டுக்கொரு சுவாமிநாதன். வைத்தீஸ்வரன்கோயிலில் முடி இறக்குகிற குடும்பம் என்றால் ஒரு வைத்தியநாதனாவது இருப்பார். திருவாரூரில் தியாகராஜன், மன்னார்குடியில் ராஜகோபால், திருவிடைமருதூரில் மகாலிங்கம், கும்பகோணத்தில் சாரங்கபாணி. போதாக்குறைக்குத் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். ஒரே குடும்பத்தில் வை. சுவாமிநாதனும் சு. வைத்தியநாதனும் தலைமுறைக்குத் தலைமுறை மாறி மாறி வந்துகொண்டே இருப்பார்கள். ஆளைப் பிரித்துக் காட்ட இருப்பது ஒற்றை இனிஷியல். கும்பகோணம் கோர்ட்டில் ஒருநாள் டவாலி என் சாட்சியின் பெயரை மூன்று முறை கூவியபோது, மூன்று பேர் எழுந்து வந்தார்கள். மூவருக்கும் இனிஷியலும் ஒன்றே. பழைய தஞ்சாவூர் ஜில்லா 1991இல் நாகப்பட்டினம், 1997இல் திருவாரூர், 2020இல் மயிலாடுதுறை என்று பிரிந்துகொண்டே போனதில், எதற்கு வம்பு என்று மாவட்டப் பெயரையே எழுதாமல் விட்டுவிடும் பத்திர எழுத்தர்களும் உண்டு. உங்களுக்கு வந்த உயிலை எழுதியவர் அந்த ரகம். ‘புதுக்கோட்டை மாவட்டம்’ என்று இரண்டு சொல் சேர்த்திருந்தால் உங்களுக்கு இந்தத் தூக்கக்கேடு இல்லை.

இருந்தாலும், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்த அம்மாள் உங்கள் தந்தையாரோடு வேலை பார்த்தவரா, எப்போதாவது உங்கள் ஊரில் குடியிருந்தவரா என்று. ‘நான் இல்லை’ என்று எழுத்தில் கொடுக்கப்போகிறீர்கள். கொடுப்பது உறுதியாக இருக்கட்டும்.

இப்போது முத்திரைத்தாளுக்கு வருகிறேன். ‘மேற்படி உயிலில் நிர்வாகியாக நியமிக்கப்பட்டுள்ள நான், அப்பொறுப்பை ஏற்க விருப்பமின்றி, முழு மனச் சம்மதத்துடன் விலகிக்கொள்கிறேன்’ என்று அடித்திருக்கிறது. விலகுவதெல்லாம் பின்பாதி. முன்பாதியைப் பாருங்கள்: ‘நியமிக்கப்பட்டுள்ள நான்’. அதன் அடியில் கையெழுத்துப் போட்டால், உயிலில் இருக்கும் சுவாமிநாதன் நான்தான் என்று முதலில் ஒப்புக்கொள்கிறீர்கள். பிறகுதான் விலகுகிறீர்கள். எனக்கு வேண்டாம் என்பது வேறு, அது நான் இல்லை என்பது வேறு. கல்யாணப் பந்தியில் இன்னொருவர் இலையில் உங்களை உட்கார வைத்துவிட்டால், ‘இது அவருடைய இடம்’ என்று சொல்லி எழுந்திருக்க வேண்டும். பசியில்லை என்று இலையை மூடிவிட்டு வந்தால், வாசலில் நிற்கும் அந்த மனிதருக்கும் சாப்பாடு கிடையாது.

1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் இதற்கு இரண்டு பிரிவுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. விலகாத ஒரு நிர்வாகி இருக்கும்போது, ஏற்கிறீரா, விலகுகிறீரா என்று அவரை அழைத்துக் கேட்காமல் வேறு யாருக்கும் சொத்து நிர்வாக உத்தரவு தரக்கூடாது என்கிறது 229. நீதிபதி முன்னால் வாயால் சொல்லியோ, கையெழுத்திட்ட எழுத்து மூலமோ விலகலாம், விலகிவிட்டால் பிறகு எந்தக் காலத்திலும் புரோபேட் (உயில் உண்மை என்று கோர்ட் தரும் சான்று) கேட்டு வர முடியாது என்கிறது 230. அதாவது, உண்மையான சுவாமிநாதனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கச் சட்டம் கடமைப்பட்டிருக்கிறது. அது அவர் காதில் விழும் முன்பே உங்கள் கையெழுத்தில் பதில் போய்ச் சேர்ந்துவிடும். உங்கள் கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. ஆனால் அதை அவர் நிரூபிப்பதற்குள் எத்தனை வாய்தா? அதற்குள் அந்த வீடும் நிலமும் யார் கையில் இருக்கும்?

பெயர் ஒன்று, ஆள் இரண்டு என்று வந்தால், உயில் எழுதியவர் மனத்தில் இருந்தது யார் என்பதை வெளிச்சாட்சியம் கொண்டு காட்டலாம். அதே சட்டத்தின் 80ஆம் பிரிவு. மேரி என்று ஒரே பெயரில் இரண்டு ஒன்றுவிட்ட சகோதரிகள் உள்ள ஒருவரின் உயிலைச் சட்டப் புத்தகமே உதாரணமாகத் தருகிறது. உங்கள் விஷயத்தில் அந்தப் பாடுகூடப் பட வேண்டியதில்லை. வயதும் தெருவும் உயிலிலேயே இருக்கின்றன.

நோட்டீஸின் இரண்டாவது வரியைக் கவனித்தீர்களா? ‘எமது கட்சிக்காரர்’ என்று வருகிறதே, அவர் யார்? இறந்த அம்மாளுடைய கணவரின் அண்ணன் மகன். உயிலில் வீடு, சீர்காழியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் வளர்ப்பு மகளுக்கு. நான்கு மா நஞ்சை, ஊர்ச் சிவன் கோயிலில் விளக்கு எரிய. நகையை மீட்டு அதுவும் அந்தப் பெண்ணுக்கே. அண்ணன் மகனுக்கு ஒரு குண்டுமணி கிடையாது. சரி, உயில் வெளியே வராமலே போனால்? பிள்ளையும் கணவனும் இல்லாத இந்துப் பெண்ணின் சொத்து கணவனுடைய வாரிசுகளுக்குப் போகும். தாய் தகப்பன் வழியில் அவருக்கு வந்த சொத்து மட்டும் தகப்பனுடைய வாரிசுகளுக்கு. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் 15ஆம் பிரிவு இப்படித்தான் சொல்கிறது. சட்டப்படி தத்து எடுக்காத வளர்ப்பு மகள் அந்த வரிசையில் எங்கேயும் இல்லை. அவருக்கு இருக்கும் ஒரே பிடி இந்த உயில்தான்.

அந்தக் கட்சிக்காரர் மேல் நான் பழி போடவில்லை. முகவரி தவறியது வெறும் அசட்டையாகவே இருக்கலாம். ஆனால் நிர்வாகியைத் தேடுகிற ஒருவர், கண்டுபிடித்த கையோடு அவர் விலகுவதற்கான தாளையும் அடித்து ஏன் அனுப்பினார் என்று, இத்தனை ஆண்டுகள் கோர்ட் வராந்தாவில் நின்ற எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. நிர்வாகி விலகினால் உயில் செத்துவிடாது. பயனடைய வேண்டியவர்களே மாவட்ட நீதிமன்றத்தில் உயிலை நிரூபித்து, அது இணைந்த நிர்வாக உத்தரவு பெறலாம். ஆனால் அதற்கு உயில் ஒன்று இருப்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

சாவி விஷயத்தில் உங்கள் மனைவிக்குப் பதில் சொல்வதுதான் எனக்குச் சங்கடம். அந்த யோசனையில் மனம் இருக்கிறது. ஆனாலும் வேண்டாம். நான் ஜூனியராக இருந்தபோது என் சீனியரிடம் ஒரு பெரியவர் வந்தார். அடுத்த வீட்டுக் கிழவர் இறந்துபோய், உறவுகள் வடக்கே இருந்ததால் சாவி இவரிடம் இருந்தது. வீட்டைக் கழுவிவிட்டார். குதிரில் இருந்த நெல் புழுத்துப் போகும் என்று வேலைக்காரிக்கு அளந்துவிட்டார். பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்து, பத்திரமாக இருக்கட்டுமே என்று தன் வீட்டுப் பரணில் வைத்தார். எட்டு மாதம் கழித்து வந்த உறவுக்காரர் நன்றி சொல்லவில்லை, பட்டியல் கொடுத்தார். வெண்கலப் பானை ஒன்று, பித்தளை அண்டா இரண்டு, சம்புடம் ஆறு, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு ஒரு ஜோடி. பரணில் இருந்தது ஒற்றை விளக்கு. இன்னொன்று அந்த வீட்டில் எப்போதாவது இருந்ததா என்பது யாருக்கும் தெரியாது. அந்த ஒற்றை விளக்குக்குப் பதில் சொல்லியே பெரியவர் நான்கு ஆண்டுகள் கோர்ட்டுக்கு நடந்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வெற்றிலைச் செல்லத்தை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார், யாரிடமும் பேசமாட்டார்.

உரிமையுள்ள நிர்வாகி இல்லாத நேரத்தில் இறந்தவர் சொத்தில் கை வைக்கிறவரை, தவறாகத் தானே நிர்வாகியானவர் என்று நடத்துகிறது வாரிசுரிமைச் சட்டத்தின் 303ஆம் பிரிவு. சிவில் நடைமுறைச் சட்டமும் அப்படித் தலையிட்டவரை இறந்தவரின் சட்டப் பிரதிநிதியாகவே சேர்த்துக்கொள்கிறது. பொருள் கெடாமல் காப்பாற்றவோ, ஈமச் சடங்குக்கோ, குடும்பத்தின் உடனடித் தேவைக்கோ செய்தது விலக்கு. ஆனால் அதற்காகத்தான் செய்தேன் என்று காட்டும் பாரம் உங்கள் தலையில் வந்து உட்காரும். நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்துக்களின் உயிலுக்கு புரோபேட் வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் நம் மாநிலத்தில் சென்னை நகரத்து உயில்களுக்கும் சொத்துகளுக்கும்தான் இருந்துவந்தது. டெல்டாவில் அது கிடையாது. இங்கே நிர்வாகிகள் கோர்ட் படி ஏறாமலே வேலையை ஆரம்பித்துவிடுவார்கள். பூட்டைத் திறந்து நாலு காரியம் பார்த்தால், பொறுப்பை ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல அதுவே போதும்.

விளக்கு ஏற்ற வேண்டுமானால் பக்கத்து வீட்டாரிடம் சொல்லி வாசல் மாடத்தில் ஏற்றச் சொல்லுங்கள். மாடம் பூட்டுக்கு வெளியேதானே இருக்கிறது.

சாவியை யாரிடம் தருவது? கொடுத்தவரிடமே. வக்கீலிடம் வேண்டாம், நான்தான் வாரிசு என்று நாளைக்கு வந்து நிற்பவரிடமும் வேண்டாம். ‘இன்ன தேதியில் தவறுதலாகக் கொடுத்த சாவியை, வீட்டைத் திறக்காத நிலையில் இன்று திரும்பப் பெற்றுக்கொண்டேன்’ என்று அவர் கையால் எழுதி வாங்குங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். வாங்க மறுத்தால், உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் நீங்களும் இன்னொருவரும் கையெழுத்திட்டுப் பீரோவில் வைத்துவிட்டு, அந்த விவரத்தையும் பதில் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

இனி நெல். இதுதான் காத்திருக்காது, நான் கவலையோடு படித்த இடமும் இதுதான். குறுவைக் கதிர் தலை சாய்ந்துவிட்டால், ஐப்பசி மழைக்கு முன் அறுக்காவிட்டால் வயலிலேயே முளைத்துவிடும். அறுத்துக் கொட்டி வைத்தாலும் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்புவார்கள். சாலையில் காயவைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். உரக்கடைக்காரருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் அந்தக் குத்தகைக்காரர்மேல் இரக்கப்பட்டு, ஒரு கடிதம்தானே என்று கொடுத்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. கொடுத்துவிட்டீர்களா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லை என்றே நம்புகிறேன். ‘நிலத்தின் பொறுப்பாளர்’ என்று நீங்கள் போடும் ஒரு கையெழுத்து, நீங்கள் எழுதப்போகும் பதில் கடிதம் முழுவதையும் பொய்யாக்கிவிடும்.

அவர் உழுது நட்ட பயிர் அவருடையது. அதை அறுக்க நிலத்துக்காரர் உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாருடைய உத்தரவும் தேவையில்லை. கொள்முதல் நிலையத்தில் காட்ட அடங்கலுக்கு, அதாவது பயிர் விவரப் பதிவேட்டின் நகலுக்கு, வி.ஏ.ஓ.விடம் அவரே போகலாம். பயிர் செய்தவர் யார் என்பது ஊரறிந்த விஷயம். நிலத்துக்காரர் இறந்ததை அங்கேயே சொல்லிக் கேட்கட்டும். இறந்த அம்மாளின் சொத்தில் சேர்வது குத்தகைப் பங்கு மட்டுமே. அதை அவர் தனியாக அளந்து, கணக்கு எழுதி, உரிமையோடு ரசீது கொடுக்கக்கூடிய ஆள் வரும்வரை வைத்திருக்க வேண்டும். இதை அவருக்கு எடுத்துச் சொல்வது நீங்களாக இருக்க வேண்டாம்; நீங்கள் சொன்னால் அதுவே நிர்வாகி சொன்னதாகிவிடும். ‘நான் அந்த ஆள் இல்லை, தவறாக என் பெயர் வந்திருக்கிறது’ என்று மட்டும் சொல்லிவிட்டு இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள்.

நகைக்கடன் உங்களைத் தொடாது. உண்மையான நிர்வாகியே இறந்தவர் கடனை இறந்தவர் சொத்திலிருந்துதான் அடைக்கிறார். ஒழுங்காக நடந்துகொண்டால் தன் சட்டைப்பையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. 25,000 ரூபாய் அந்த சுவாமிநாதனுக்கு எழுதியது. அவருக்குக்கூட, பொறுப்பை ஏற்று நடத்த முன்வந்தால்தான் கிடைக்கும், 141ஆம் பிரிவு. விலகல் பத்திரம் அவரிடமிருந்து எதைப் பறிக்கும் என்பதற்கு இது இன்னொரு உதாரணம்.

பதில் போடாமல் விட்டால் சிறை, அபராதம் எதுவும் இல்லை. 15 நாள் என்பது அந்த வக்கீல் வைத்த கெடு. சட்டம் வைத்தது இல்லை. ஆனாலும் மௌனம் வேண்டாம். நோட்டீஸ் கிடைத்தும் அவர் மறுக்கவில்லை என்று நாளைக்கு மனுவில் ஒரு வரி சேரும். இந்த மாதிரி எழுதுங்கள்:

‘தங்கள் இன்ன தேதிய நோட்டீஸ் கிடைத்தது. அதில் குறிப்பிட்ட உயிலை எழுதியவரை நான் அறியேன். அவருக்கும் எனக்கும் உறவோ கொடுக்கல் வாங்கலோ இருந்ததில்லை. உயிலில் நிர்வாகியாகக் குறிப்பிடப்பட்டிருப்பவர் 2006இல் சுமார் 48 வயதுள்ளவர், ஆலங்குடி தாலுக்கா ஆபீஸ் பின்புறத் தெருவில் வசிப்பவர். எனக்கு அப்போது வயது 38. திருவாரூர் மாவட்டம் ஆலங்குடியில் தாலுக்கா அலுவலகம் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஆலங்குடி என்ற ஊர் இருப்பதால் அங்கே விசாரிக்கக் கேட்டுக்கொள்கிறேன். உயிலில் குறிப்பிடப்பட்ட நபர் நான் இல்லாததால், ஏற்கவோ விலகவோ எனக்கு உரிமை இல்லை. ஆகவே விலகல் பத்திரத்தைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புகிறேன். இறந்தவரின் சொத்து எதையும் நான் கையாளவில்லை.’

‘ஏற்கவோ விலகவோ எனக்கு உரிமை இல்லை’ என்ற வரியை மட்டும் யார் சொன்னாலும் எடுக்காதீர்கள். ‘எனக்கு இதில் விருப்பமில்லை’ என்று மரியாதைக்காகக்கூட ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டாம். வயதுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் நகல் ஒன்றை இணைத்தால் போதும். ஆதார் நகல் தேவையில்லை. பதிவுத் தபாலை 2025இல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். ஆகவே விரைவுத் தபாலில், பட்டுவாடா சான்று கேட்டு அனுப்புங்கள். ரசீதைக் கடிதத்தின் நகலோடு குத்தி வையுங்கள்.

அதே கடிதத்தின் இன்னொரு நகலை, உயிலில் இருக்கும் சீர்காழி முகவரிக்கு அந்த வளர்ப்பு மகள் பெயருக்குப் போடுங்கள் என்பேன். சட்டம் உங்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். விரைவுத் தபால் செலவோடு முடிகிற காரியம். அவர் வக்கீல் வைக்க வசதியில்லாதவர் என்றாலும் கவலையில்லை. இலவச சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் கேட்கலாம். உறையின் உள்ளே இந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.

கடிதத்தின் கடைசியில், உயில் நகலைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அழித்துவிட்டு மற்றவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். நகைக்கடன் எண், அஞ்சலகக் கணக்கு எண், நிலத்தின் சர்வே எண் எல்லாம் அதில் இருக்கின்றன. உங்களுக்கு அறிமுகமே இல்லாத ஒரு பெண்மணியின் வீட்டு விவகாரம் அது. நான்கு ஊர்களில் சித்தப்பாக்களும் அத்தைகளும் படிப்பதற்கு அவர் எழுதவில்லை.

இதற்குப் பிறகும் உங்கள் பெயருக்குக் கோர்ட்டிலிருந்தே அழைப்பாணை வந்தால், அது வக்கீல் நோட்டீஸ் போல இல்லை. தேதியைத் தவறவிடக் கூடாது. அன்று ஆஜராகி, இதே விவரங்களை ஒரு பிரமாண வாக்குமூலமாகக் கொடுத்துவிட்டு வரலாம். உங்கள் ஊர் வக்கீல் ஒருவர் அரை நாளில் முடித்துக் கொடுப்பார்.

புதுக்கோட்டையிலிருந்து ஒருநாள் உங்கள் பெயரிலேயே ஒருவர் போன் செய்யவும் கூடும். இப்போது அவருக்கு 67 வயது இருக்கும். அவரிடம் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள்; குத்தகைக்காரரின் எண்ணையும் கொடுத்துவிடுங்கள்.